குறைந்த செலவில் ஃப்ளை ஃபிஷிங்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையிலும், புதிதாக ஃப்ளை ராடு (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த ‘ஃப்ளை’ என்னும் இலேசான போலி இரையை வீசும் தூண்டில்கோல்) வாங்கி வந்தவர்களோடு நின்று, அவர்களுடைய கருவியில் என்ன கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ததிலிருந்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் குறை சொன்னது ராடைத்தான். விலை மலிவாக வாங்கியதால்தான் வீச்சு வரவில்லை என்று நம்பி, அடுத்த ராடுக்குப் பணம் சேர்க்கவும் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ராடே காரணமாக இருந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. கையும் லைனுமே மற்ற எல்லாவற்றுக்கும் காரணமாக இருந்தன. சென்னையின் வெயிலும் உப்பும் முதலில் கெடுப்பதும் லைனைத்தான். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்பது அடி நீளமுள்ள, 5 முதல் 8 வரை ஏதோ ஓர் எண் (எந்த எடை லைனுக்கு உரியது என்று காட்டும் எண்) கொண்ட ராடும், மிதக்கும் லைனும், எளிய ரீலும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஜிலேபி, கெண்டை போன்றவற்றுக்கு 5 அல்லது 6 போதும். கழிமுகத்தில் கொடுவாவைத் தேடுபவருக்கு 8 பொருந்தும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே லைனின் எடையே ஃப்ளையைச் சுமந்து செல்கிறது. கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை லைனைச் சுற்றியே இருப்பதற்கு அதுவே காரணம்.

அறிகுறி 1: லைன் முன்னே பாயாமல் காலடியில் குவிகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இதுவே, காரணங்களும் இதற்குத்தான் அதிகம். ஒரு படியைச் சோதித்து முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

*கை*

வீச்சைத் தொடங்கும் நேரத்தில் ராடின் நுனி தண்ணீரை ஒட்டி இருக்க வேண்டும், லைனில் தொய்வு இருக்கக் கூடாது. நுனி மார்பு உயரத்தில் இருந்தால் பின்வீச்சின் முதல் பாதி தொய்வை எடுப்பதிலேயே கழிந்துவிடும். அது சரியாக இருந்தும் லைன் குவிகிறது என்றால் மணிக்கட்டைக் கவனியுங்கள். பின்வீச்சில் மணிக்கட்டு மடிந்து ராடு முதுகுக்குப் பின்னால் படுத்துவிட்டால், லைன் பின்பக்கம் தரையை நோக்கியும், அதே கோட்டில் முன்பக்கம் வானத்தை நோக்கியும் போய், வேகம் இழந்து தலைக்கு முன்னால் விழும். ராடின் அடிக்கட்டையை முன்கையோடு சேர்த்து ஒரு துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு பத்து முறை வீசிப் பாருங்கள். லைன் நேராகப் போனால் உங்கள் ராடில் குறையே இல்லை. ஒரு வாரம் அப்படியே கட்டிக்கொண்டு பழகினால் போதும்.

பழகும் இடமாக மொட்டை மாடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிமெண்ட் தரை லைனின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். அதைவிட முக்கியமாக, ராடு செய்யப்படும் கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். நம் தெருக்களில் மாடியை ஒட்டியே மின்கம்பி போகும் இடங்கள் உண்டு. விடிகாலையில் விளையாட்டு மைதானத்தின் புல்தரையில், முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் கட்டிப் பழகுவதே பாதுகாப்பானது.

*லைன் சுற்றப்பட்ட திசை*

தொடக்கக்காரர்கள் வாங்கும் லைன் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் எடை சேர்க்கப்பட்டது. பெட்டியில் டபிள்யூ எஃப் என்ற எழுத்துகள் இருக்கும். தடித்த பகுதி வெளிப்பக்கம் வர வேண்டும். அவசரத்தில் அதைத் தலைகீழாகச் சுற்றிவிட்டு மாதக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். லைனைப் பத்துப் பதினைந்து மீட்டர் வெளியே இழுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். முனையிலிருந்து சில அடிகளுக்குள் தடித்து, பிறகு மீண்டும் மெலிந்தால் திசை சரி. பதினைந்து மீட்டரும் ஒரே மெலிவாக இருந்தால் தலைகீழாக இருக்கிறது. முழுவதையும் மைதானத்தில் விரித்துத் திருப்பிச் சுற்றுங்கள்.

*வெப்பம்*

காலை ஏழு மணிக்கு நன்றாகப் போன லைன் பதினொரு மணிக்கு ராடின் வளையங்களில் ஒட்டுகிறதா? அப்படியானால் அது குளிர்நாட்டு நன்னீர் மீன்களுக்காகச் செய்யப்பட்ட லைனாக இருக்கலாம். அதன் பூச்சு குளிரிலும் விறைக்காதபடி மென்மையாகச் செய்யப்படுவதால், நம் ஏப்ரல், மே வெயிலில் இளகித் துவண்டுவிடும். லைனை ஐந்து நிமிடம் நிழலில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து உடனே வீசிப் பாருங்கள். வீச்சு திரும்ப வந்தால் காரணம் வெப்பமே. அந்த லைனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விடியலிலும் டிசம்பர், ஜனவரியிலும் பயன்படுத்திக்கொண்டு, பணம் சேர்ந்ததும் வெப்பமண்டலத்துக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும் லைனை வாங்குங்கள். முழுத் தொகுப்பிலும் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது இந்த ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

*எடை*

மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். லைனின் எண் அதன் முதல் முப்பது அடியின் எடையைக் குறிக்கிறது. 5 என்றால் ஏறத்தாழ 9.1 கிராம், 6 என்றால் 10.4, 7 என்றால் 12, 8 என்றால் 13.6. முனையில் சில அங்குலம் சீரான மெல்லிய பகுதி இருந்தால் அதைத் தவிர்த்து முப்பது அடி அளந்து, சிறு டிஜிட்டல் தராசில் சுருட்டி வையுங்கள். எண்ணுக்கு உரிய எடையைவிடக் குறைவாக இருந்தால் ராடு வளையாது, வீச்சும் வராது. எடை சரியாக இருந்தும் ராடு விறைத்தே நின்றால், மலிவான ராடுகளில் அச்சிடப்பட்ட எண் உண்மையான விறைப்பைவிடக் குறைவாக இருப்பது உண்டு. ஓர் எண் கூடிய லைனை நண்பரிடம் இரவல் வாங்கி வீசிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

அறிகுறி 2: லைன் நேராகப் போகிறது, லீடர் மட்டும் சுருண்டு விழுகிறது

லீடர் என்பது லைனின் முனைக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் நரம்பு. நீங்கள் லைனின் முனையில் ஒன்பது அடிக்கும் ஒரே தடிமனுள்ள மெல்லிய தங்கூஸ் நரம்பைக் கட்டியிருப்பீர்கள். அது வீச்சின் வேகத்தை முனைவரை கொண்டுபோகாது. கடையில் விற்கும் கூம்பு வடிவ லீடரை வாங்க வேண்டிய அவசியமில்லை. 0.50 மி.மீ. நரம்பு நாலரை அடி, 0.40 இரண்டு அடி, 0.30 ஒரு அடி, நுனியில் 0.22 ஒன்றரை அடி என்று அடுத்தடுத்து முடிந்தால் ஒன்பது அடி லீடர் கிடைத்துவிடும்; காசிமேடு பக்கத்து வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும் நரம்பே போதுமானது. கழிமுகத்துக்கு நுனி நரம்பை 0.30க்குக் குறையாமல் வைத்து, அதற்கு மேலே உள்ள துண்டுகளையும் சற்றுத் தடிப்பாக்குங்கள், ஏனெனில் சிப்பி ஒட்டிய பாலத்தூண்களில் மெல்லிய நரம்பு உடனே அறுந்துவிடும். இவ்வளவு செய்தும் லீடர் விரியவில்லை என்றால் ஃப்ளை அந்த லைனுக்கு மிகக் கனமாக இருக்கிறது.

அறிகுறி 3: சாட்டை வீசியதுபோல் ஒலி எழுகிறது, ஃப்ளை காணாமல் போகிறது

பின்னால் போன லைன் முழுதாக விரியும் முன்பே முன்வீச்சைத் தொடங்குகிறீர்கள். தலையைத் திருப்பி, லைன் பின்னால் நீண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்வீச்சை எடுங்கள். லைன் நீளமாக வெளியே இருக்கும்போது காத்திருக்கும் நேரமும் நீளும் என்பதை மறந்துவிடுவதால், ஏற்கெனவே பழகியவர்களுக்கும் இது நேர்கிறது.

ஒலி இல்லாமலே ஃப்ளை போனால் முடிச்சைப் பாருங்கள். எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்காத முடிச்சு, இறுகும்போதே சூடேறி நரம்பைப் பலவீனப்படுத்திவிடும். அறுந்த முனை சுருண்டு பன்றிவால் போலிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. நேராக அறுந்திருந்தால் நரம்பே விட்டிருக்கிறது.

அறிகுறி 4: லீடரில் தானாகவே முடிச்சுகள் விழுகின்றன

காற்றின் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது கையின் வேலை. முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழு பலத்தையும் கொடுத்தால் ராடின் நுனி நடுவழியில் தாழ்ந்து, லைனின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டும். மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகமெடுத்துச் சட்டென நிறுத்துங்கள். விழுந்த முடிச்சை அலட்சியம் செய்யாதீர்கள், அது நரம்பின் வலிமையை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும். இறுகாததை ஊசியால் பிரிக்கலாம். இறுகியதை வெட்டி நுனியை மாற்ற வேண்டும்.

உண்மையிலேயே காற்றுதான் காரணமா என்று அறிய நேரத்தைப் பாருங்கள். நம் கரையில் கோடைக்காலத்தில் நண்பகலையொட்டிக் கடற்காற்று புகும். ஜூன், ஜூலையில் மேல்காற்று வலுத்திருந்தால் அது இன்னும் தாமதமாகும். கடலைப் பார்த்து நின்று வீசுபவருக்கு விடியலில் காற்று முதுகுப்பக்கமும் பிற்பகலில் முகத்திலும் இருக்கும். முகத்தில் அடிக்கும்போது தொலைவை விரும்பாமல், பின்வீச்சை உயர்த்தி முன்வீச்சைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். வலக்கைக்காரருக்கு வலப்புறக் காற்று ஆபத்தானது, முள் முகத்துக்கு வரும். அப்போது இடத்தை மாற்றுங்கள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் எப்போதுமே வீச வேண்டாம்.

அறிகுறி 5: மிதக்கும் லைன் மூழ்குகிறது, அல்லது கரகரக்கிறது

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மிக மென்மையான சோப்பைக் கரைத்து, லைனைச் சுருளாகப் பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணிக்கிடையே இழுத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். துணியில் வரும் கறுப்பு அழுக்கைப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். ஏரியின் பாசியும் கழிமுகத்தின் உப்பும் சேர்ந்தால் ஒரே காலையில் லைன் இப்படியாகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கிறது. அந்த நீரில் கழுவினால் உப்பு போகாது. கடைசி அலசலையாவது மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள்.

கழுவிய பிறகும் முனை மட்டும் மூழ்கினால், முனையின் வெட்டு வாய் வழியாக உள்நூலில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒரு நாள் நிழலில் உலர்த்தி, முனையில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து அடையுங்கள்.

கழுவிய பிறகும் கரகரப்பு இருந்தால் வெடிப்புகளைத் தேடுங்கள். லைனை மெல்ல வளைத்து வெளிச்சத்தில் பார்த்தால் குறுக்குக் கோடுகள் தெரியும். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் ரீலை விட்டுச் சென்றது ஒரு காரணமாக இருக்கலாம். கொசு விரட்டிக் களிம்பு இன்னொன்று. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்பு பட்ட விரலால் தொட்டாலே லைனின் பூச்சு கெடும். மாலை நேரத்து ஏரிக்கரையில் களிம்பு இல்லாமல் நிற்க முடியாது என்பதால், புறங்கையால் பூசி, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வதே வழி. வெடிப்பு முதல் மூன்று நான்கு அடியில் மட்டும் இருந்தால் அதை வெட்டிவிட்டு லீடரை மீண்டும் கட்டலாம். தடித்த பகுதி நெடுகவும் வெடித்திருந்தால் லைனின் ஆயுள் முடிந்தது. இருபுறமும் ஒரே அமைப்புள்ள லைனாக இருந்தால் மட்டும் திருப்பிச் சுற்றி மறுமுனையைப் பயன்படுத்தலாம்; சிக்கனத்துக்காக அந்த வகையைத் தேடி வாங்குவோர் உண்டு, அது நல்ல முடிவுதான்.

அறிகுறி 6: லைன் சுருள் சுருளாகவே வெளியே வருகிறது

இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முப்பது அடியை மெல்ல இழுத்து நீட்டினால் தீரும். சுருள் முறுக்காக இருந்தால், ஃப்ளையைக் கழற்றிவிட்டு ஓடும் நீரில் லைனை முழுதாக விட்டு இழுங்கள்.

அறிகுறி 7: ரீல் இறுகுகிறது, அரைக்கும் ஒலி வருகிறது

மணல்தான் முதல் சந்தேகம். சுருளைக் கழற்றி, மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாய் மணலை உள்ளே தள்ளிவிடும். உலர்ந்ததும் அச்சில் மட்டும் சிறிதளவு கிரீஸ் தடவுங்கள். மீன் ஓடும்போது, லைன் தங்குதடையின்றி ஓடாமல் ரீலில் தடுக்கும் பிடிமானம் நழுவினால், எண்ணெய் கார்க் வட்டில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துடைத்தும் தீராவிட்டால் வட்டை மாற்ற வேண்டும். வீட்டில் வைக்கும்போது பிடிமானத் திருகைத் தளர்த்தி வைப்பது அந்த வட்டின் ஆயுளைக் கூட்டும்.

அச்சு வளைந்திருந்தாலோ பற்சக்கரம் உடைந்திருந்தாலோ ரீல் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்; அவர் சொல்லும் கூலி ரீலின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே மேல். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் ரீல் லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி மட்டுமே, ஆகவே அதில் சிக்கனம் செய்யத் தயங்க வேண்டாம்.

அறிகுறி 8: ராடின் மூட்டு கழலவில்லை, அல்லது அடிக்கடி கழல்கிறது

கழலாத மூட்டைத் திருகாதீர்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் மூட்டின் இருபுறமும் ஒவ்வொரு கை வைத்து, நேராக இழுக்க வேண்டும். நகராவிட்டால் மூட்டின் மேல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வைத்து மீண்டும் இழுங்கள். நெருப்புக்கோ பிளேயருக்கோ இங்கே வேலையில்லை. அடிக்கடி கழலும் மூட்டின் உட்செல்லும் பகுதியில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் பிடிக்கும். அரைமணிக்கு ஒருமுறை மூட்டுகளை அழுத்திப் பாருங்கள், ஏனெனில் தளர்ந்த மூட்டோடு வீசியே பல ராடுகள் வெடிக்கின்றன. வெளிமூட்டின் விளிம்பில் மெல்லிய நெடுக்குக் கோடு தெரிந்தால் வீசுவதை நிறுத்தி, ராடு கட்டிப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். நூல் சுற்றிப் பசையிட்டு அவர் காப்பாற்றிவிட முடியும், நாமே சுற்றினால் பெரும்பாலும் நிற்காது.

அறிகுறி 9: ராடு உடைந்தது, வளையம் லைனை அறுக்கிறது

ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு இழுங்கள். இழை சிக்கும் வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். நுனியில் ஓரிரு அங்குலம் மட்டும் உடைந்திருந்தால் உடைந்த வாய்க்குப் பொருந்தும் நுனிவளையத்தை உருகு பசையால் ஒட்டலாம், வீச்சில் பெரிய வேறுபாடு தெரியாது. நடுப்பகுதியில் உடைந்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்; மலிவான ராடானால் அந்தத் துண்டு மட்டும் கிடைக்குமா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். மீனைக் கரையேற்றும்போது ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்துத் தூக்குவதே நுனி ஒடிவதற்கு வழக்கமான காரணம். இடி முழங்கத் தொடங்கினால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையைவிட்டு வந்துவிட வேண்டும். கார்பன் ராடை உயர்த்திப் பிடித்துத் திறந்தவெளியில் நிற்பது உயிருக்கு ஆபத்து.

அறிகுறி 10: மீன் கடிக்கிறது, மாட்டவில்லை

முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வையுங்கள். வழுக்கினால் மழுங்கியிருக்கிறது, சிறு அரத்தால் தீட்டுங்கள். கழிமுகத்தில் பயன்படுத்திய ஃப்ளைகளைக் கழுவாமல் பெட்டியில் மூடினால் மறுவாரம் எல்லாம் துருவாகியிருக்கும்.

முள் கூராக இருந்தும் மாட்டவில்லை என்றால், கடித்தவுடன் ராடைத் தூக்குகிறீர்கள். கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் அது உதவாது. ராடைத் தண்ணீரை நோக்கியே வைத்து, லைனை இடக்கையால் நீளமாக இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும். ஜிலேபி மாட்டவில்லை என்றால் ஃப்ளை பெரிதாக இருக்கிறது, 12 அல்லது 14 எண் முள்ளுக்கு இறங்குங்கள் (முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறிதாகும்). விரால் குஞ்சுக் கூட்டத்தின் மேல் எழும்பித் தாக்கினால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள். குஞ்சுகளைக் காக்கும் தாயையும் தந்தையையும் எடுத்துவிட்டால் அந்தக் கூட்டமே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும், அடுத்த ஆண்டு ஏரியில் நமக்கும் மீன் இருக்காது.

கடியே இல்லை என்றால் கருவியைக் குறைசொல்வதற்கு முன் இடத்தைப் பாருங்கள். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் மாதங்களில் கழிமுகத்துக்குள் ஓதம் ஏறி இறங்காது, மீனும் சுறுசுறுப்பாக இருக்காது. ஏரி மீன்பாசிக் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் அனுமதி கேட்ட பிறகே லைனை நீட்ட வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலயமும் நம் பட்டியலில் இருக்கவே கூடாது.

அறிகுறி 11: முள் உடம்பில் ஏறிவிட்டது

முதல் நாளே எல்லா முட்களின் எதிர்முள்ளையும் (முள் நழுவாமல் தடுக்கும் பின்நோக்கிய சிறு கூரை) பிளேயரால் நசுக்கிவிட்டால் இந்தப் பகுதி பெரும்பாலும் தேவைப்படாது; நசுக்கிய முள் வந்த வழியே எளிதாக வந்துவிடும். நசுக்காத முள் கையிலோ முதுகிலோ எதிர்முள் வரை ஏறியிருந்தால் பிடுங்க முயலாதீர்கள். லீடரை வெட்டி, முள் அசையாதபடி நாடா ஒட்டி, அருகிலுள்ள மருத்துவரிடம் சென்று, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கெளுத்தியின் முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் கடுப்பு குறையும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரைத் தவிர வேறு வழி இல்லை. தூண்டில் முள் கண்ணிலோ இமையிலோ ஏறியிருந்தால் அதைத் தொடவே கூடாது. கண்ணின் மேல் அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டி, உடன் வந்தவர் வண்டியோட்ட, நேராக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ அருகில் உள்ள வேறு கண் மருத்துவமனைக்கோ சென்றுவிடுங்கள். ராடையும் ரீலையும் கரையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.